பெற்றோர் ஆசிரியர் கழக விதிகள் புரியவில்லை: தமிழ் வகுப்புக்குச் சேர்த்த பணம் யார் பொறுப்பு?

சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் நான்காம் வகுப்பு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசுப் பள்ளி. இந்த ஆண்டு என்னைப் பெற்றோர் ஆசிரியர் கழகச் செயற்குழுவில் சேர்த்திருக்கிறார்கள். ஆறு பக்க விதிகளைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு முறை படித்தேன். வார்த்தைகள் தெரிகின்றன, ஆனால் யாருக்கு என்ன அதிகாரம் என்று பிடிபடவில்லை.

பள்ளி முடிந்தபின் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் புத்தகம் வாங்குவதற்காக ஏழு அம்மாக்கள் சேர்ந்து பிரியாணி விற்று 4,860 ராண்ட் சேர்த்தோம். பணம் இப்போது பொருளாளர் வீட்டில் ரொக்கமாக இருக்கிறது. விதி 9 'கழகத்தின் நிதி செயற்குழுவின் கட்டுப்பாட்டில் இருக்கும்' என்கிறது. பள்ளி முதல்வரோ பள்ளிக் கணக்கில்தான் கட்ட வேண்டும் என்கிறார். அங்கே போனால் கூரை ஒழுகலுக்கோ ஜன்னல் கண்ணாடிக்கோ செலவாகிவிடுமோ என்று எங்களுக்குக் கவலை. அவற்றுக்கும் பணம் வேண்டும்தான், ஆனால் அம்மாக்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வெங்காயம் நறுக்கியது அதற்காக இல்லை.

இன்னொன்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 31 பேர்தான் வந்தோம். கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தது வந்திருக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை) இல்லை என்று அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கூட்டத்தை நடத்தினார்கள். அதே கூட்டத்தில், கூட்டக் குறிப்புகளைச் செயற்குழு மட்டுமே பார்க்கலாம் என்று விதி 14-ஐ மாற்றிவிட்டார்கள். இது செல்லுமா?

ஃபீனிக்ஸ் தம்பி எழுதியது:

அக்கா, பணத்தைக் கொடுக்காதீர்கள். திருநெல்வேலியில் நான் படித்த பள்ளியில் கழகத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இருந்தது, அப்பாதான் கையெழுத்துப் போடுவார். விதி 9 தெளிவாகத்தானே இருக்கிறது? செயற்குழுவின் கட்டுப்பாடு என்றால் செயற்குழுதான்.

லெனேசியா கணக்கர் எழுதியது:

தம்பி, ஊர் வழக்கத்தை இங்கே அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், அதாவது 1996-ஆம் ஆண்டின் 84-ஆம் சட்டம், அரசுப் பள்ளியின் ஆளுகையைப் பள்ளி ஆளுகைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. நாம் எஸ்.ஜி.பி. என்கிறோமே, அதுதான். பெற்றோர் ஆசிரியர் கழகம் அதே குழு இல்லை. சில பள்ளிகளில் அது ஆளுகைக் குழுவுக்குக் கீழே இயங்கும் குழு. சில இடங்களில் பெற்றோர்கள் தாங்களாகவே தொடங்கிய தனிச் சங்கம். விடை இதைப் பொறுத்து மாறும்.

ஆகவே அம்மா, விதி 9-ஐ விட்டுவிட்டு விதி 1, 2-ஐப் பாருங்கள். கழகம் என்றால் என்ன, உறுப்பினர் என்றால் யார் என்று அங்கேதான் இருக்கும். பலர் பணம், தேர்தல் என்று நடுவிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள், குழப்பம் அங்கேதான் வருகிறது.

சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

பார்த்தேன் ஐயா. விதி 1: 'இக்கழகம் பள்ளி ஆளுகைக் குழுவின் ஒரு குழுவாக அமைக்கப்பட்டுள்ளது.' விதி 2: 'பள்ளியில் பயிலும் ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு பெற்றோரும், பாதுகாவலரும், ஆசிரியர்களும் உறுப்பினர்கள்.' இதற்கு முன் இந்த வரிகளை நான் கவனிக்கவே இல்லை.

லெனேசியா கணக்கர் எழுதியது:

அப்படியானால் முதல்வர் சொன்னது சரி. சட்டத்தின் பிரிவு 37-ஐப் படியுங்கள். கட்டணமோ நன்கொடையோ, பள்ளிக்கு வரும் பணமெல்லாம் பள்ளி நிதியில் சேர வேண்டும். அதற்கென்று ஆளுகைக் குழு ஒரே ஒரு வங்கிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஆளுகைக் குழுவின் கீழ் இருக்கும் கழகம் பொருளாளர் வீட்டு அலமாரியில் பணம் வைத்திருப்பது நல்லதல்ல. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நாளை ஒரு பேச்சு வந்தால் அவருக்குத்தான் கஷ்டம்.

ஆனால் உங்கள் கவலைக்கும் அதே பிரிவில் மருந்து இருக்கிறது. ஒரு நோக்கத்துக்காக நிபந்தனையுடன் தரப்படும் நன்கொடையை அந்த நிபந்தனைப்படிதான் செலவழிக்க வேண்டும் என்கிறது 37(4). எனவே பணத்தைச் சும்மா கட்டாதீர்கள். 'தமிழ் வகுப்புப் புத்தகங்களுக்கு மட்டும்' என்று கடிதம் எழுதி, ஏழு பேரும் கையெழுத்திட்டு, அதோடு கட்டுங்கள். ரசீதிலும் அந்த வார்த்தைகள் வரட்டும். கடிதம் ஏற்கப்பட்டதாக ஆளுகைக் குழுவின் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது.

விதி 9-இன் 'கட்டுப்பாடு' என்பதைச் செலவைப் பரிந்துரைக்கும் உரிமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கழக விதி சட்டத்தோடு மோதினால் சட்டம்தான் நிற்கும். இன்னொன்றையும் பாருங்கள்: பிரிவு 30-இன்படி ஆளுகைக் குழு அமைக்கும் குழுவுக்கு ஆளுகைக் குழு உறுப்பினர் ஒருவர்தான் தலைமை வகிக்க வேண்டும். உங்கள் கழகத் தலைவர் அப்படிப்பட்டவரா?

டோங்காட் ஓய்வாசிரியர் எழுதியது:

மகளே, கூட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பல ஆண்டுகள் இந்தக் கூட்டங்களில் குறிப்பு எழுதியவன்.

கோரத்தைப் பற்றிய உன் விதி என்ன சொல்கிறது? அரை மணி கழித்து வந்திருப்பவர்களே கோரம் என்று எழுதியிருந்தால் 31 பேர் போதும். ஒவ்வொரு பெற்றோரும் உறுப்பினர் என்றால் அப்பா, அம்மா இருவரும் தனித்தனியே எண்ணப்படுவார்கள். குடும்பத்துக்கு ஒன்று என்று எண்ணினால் வரும் கோரம் வேறு, இப்படி எண்ணினால் வருவது அதைவிட மிகப் பெரிது. அதனால்தான் அந்த அரை மணி விதியை வைக்கிறார்கள், அதில் தவறில்லை.

விதித் திருத்தம் தனி விஷயம். அதற்கென்று வேறு விதி இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில். எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பங்கு வாக்கு, திருத்தத்தின் வாசகத்தை முன்பே அனுப்ப வேண்டுமா என்று தேடிப் பார்.

சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

கடைசிப் பக்கத்தில் இருக்கிறது ஐயா! 'திருத்தத்தின் வாசகம் 21 நாள் முன்பே எழுத்தில் உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட வேண்டும். வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.' எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒன்பது நாள் முன்பு கூட்ட நேரம் மட்டும்தான் வந்தது.

டோங்காட் ஓய்வாசிரியர் எழுதியது:

அப்புறம் என்ன? உங்கள் சொந்த விதிப்படியே அந்தத் திருத்தம் செல்லாது. சண்டைக்குப் போகாமல், விதி எண்ணைக் குறிப்பிட்டுச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. அடுத்த கூட்டத்தில் முறையாகக் கொண்டுவரட்டும், அப்போது எதிர்த்துப் பேசு.

குறிப்புகளை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆளுகைக் குழு ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோரிடம் தன் செயல்பாட்டை அறிக்கையாகச் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 18. அக்கறை உள்ள எவரும் கேட்டால் கணக்குகளைப் பார்க்கத் தர வேண்டும் என்கிறது பிரிவு 43. பட்ஜெட் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, கூட்டத்துக்கு 14 நாள் முன்பே பட்ஜெட் பள்ளியில் பார்வைக்கு இருக்க வேண்டும். போய்ப் பார். நம் பெற்றோர்கள் அங்கே போவதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

சட்டத்தின் பழைய நகலை வைத்துப் பேசாதே. 2024-இல் வந்த பெலா சட்டம், அதாவது அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டம், இதில் பல இடங்களைத் திருத்தியிருக்கிறது. புதியதை எடுத்துக்கொள்.

ஃபீனிக்ஸ் தம்பி எழுதியது:

நான் சொன்னது தவறு அக்கா, மன்னியுங்கள். என் மகன் பள்ளி விதியின் முதல் பக்கத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அங்கே கழகம் தனிச் சங்கம், தனிக் கணக்கு என்று இருக்கிறது. பள்ளிக்குப் பள்ளி வேறுதான்.

சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பணம் கட்டியாகிவிட்டது, ரசீதில் 'தமிழ்ப் புத்தகங்கள்' என்று இருக்கிறது. ஆளுகைக் குழுவின் குறிப்பிலும் பதிந்ததாகப் பள்ளி முதல்வர் சொன்னார், நகல் கேட்டிருக்கிறேன். விதி 14 பழையபடியே இருக்கும் என்று செயலாளர் எழுதிவிட்டார். தலைவர் ஆளுகைக் குழுவில் இல்லை என்பது தெரியவந்தது. ஒரு பெற்றோர் உறுப்பினரைத் தலைவராக நியமிப்பது பற்றி ஆளுகைக் குழு அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறது.

ஐயா இருவருக்கும் நன்றி. விதிகளின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தமிழில் எழுதி மற்ற ஆறு அம்மாக்களுக்கும் கொடுத்திருக்கிறேன்.