1972 புல்லட் 350 விலைக்கு வந்திருக்கு, நேர்ல போனா எதையெல்லாம் பார்க்கணும்?

காவிரிக்கரை:
வணக்கம். 1972 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது கால் கியர். 1,85,000 சொல்றாங்க. ஆர்.சி. பழைய அட்டைப் புக், கையால எழுதினது. வண்டி நாலு மாசமா ஸ்டார்ட் பண்ணாம நிக்குது. டேங்க், மட்கார்டு எல்லாம் புது பெயின்ட். 6 வோல்ட்ல இருந்து 12 வோல்ட் ஆக்கியாச்சாம். "இன்ஜின் பக்கா, மத்தது எல்லாம் ஒரிஜினல்"ங்கறார் விக்கிறவர். ஞாயித்துக்கிழமை போறேன், கூட மெக்கானிக் வரல. டார்ச், ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர் கையில இருக்கும். எதுல ஆரம்பிக்கிறது?

பழைய_இரும்பு:
இன்ஜின்ல ஆரம்பிக்காதீங்க தம்பி. காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்குப் பிஸ்டன், வால்வு, கிராங்க் பின் எல்லாம் இன்னைக்கும் கிடைக்குது. கிடைக்காதது ரெண்டுதான்: சரியான நம்பர், சரியான பேப்பர்.

சேசிஸ் நம்பர் ஹேண்டில் கழுத்துக்கிட்ட, இன்ஜின் நம்பர் இடது பக்க கிராங்க்கேஸ்ல (இன்ஜினோட அடிப்பாகக் கூடு). எண்ணெய் அழுக்கைத் துடைச்சுட்டு, வெள்ளைத் தாள் வெச்சு பென்சிலால தேய்ச்சு அச்சு எடுங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் அதேதான் கேப்பாங்க. எழுத்து ஒரே ஆழத்துல, ஒரே அளவுல இருக்கணும். இன்ஜின் நம்பரைச் சுத்தி, கிராங்க்கேஸோட அலுமினியம் வார்ப்புச் சொரசொரப்பு அப்படியே இருக்கணும். அந்த இடம் மட்டும் ராவி வழுவழுன்னு பளபளத்தா, இல்ல சேசிஸ் நம்பர் மேல புது பெயின்ட் கனமா அப்பியிருந்தா, அங்கேயே திரும்பிடுங்க. விலை பேசவே வேண்டாம்.

அடுத்தது ஆர்.சி. 1972 வண்டின்னா தயாரிப்பாளர் என்ஃபீல்டு இந்தியாதான். திருவொற்றியூர் கம்பெனி 1955-ல ஆரம்பிச்சப்போ வெச்ச பேர் அது. 'ராயல் என்ஃபீல்டு மோட்டார்ஸ்'ங்கறது 1994-ல ஐஷர் கம்பெனி கைக்குப் போன பிறகு வந்த பேர். பழைய புக்ல அந்தப் பேர் இருந்தா எப்படி வந்ததுன்னு கேளுங்க. புக்கோட கடைசிப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்க. முதல் 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்ச முத்திரை இருக்கணும். நடுவுல விட்டிருந்தா தாமதக் கட்டணம் உங்க தலையிலதான் விழும்.

இன்னொண்ணு, கையெழுத்துப் புக் வண்டிகள் பல பரிவாஹன் தளத்துல (வண்டிப் பதிவு விவரம் இருக்கிற அரசு வெப்சைட்) ஏறியிருக்காது. ஏறலேன்னா பதிவு பண்ணின ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டரைத் தேடி ஏத்தணும். அது முடியாம பேர் மாத்த முடியாது. அந்த வேலையை விக்கிறவரே முடிச்சுக் கொடுக்கட்டும், அதுவரைக்கும் அட்வான்ஸ் மட்டும் கொடுங்க. படிவம் 29 ரெண்டு பிரதி, படிவம் 30, ரெண்டுலயும் புக்ல பேர் இருக்கிறவரோட கையெழுத்து வேணும். அவர் இறந்திருந்தா வாரிசு சான்றிதழோட முதல்ல வாரிசு பேருக்கு மாறணும். ராணுவ ஏல வண்டின்னா ஏலச் சீட்டு ஒரிஜினலா கேளுங்க.

டப்டப்_350:
அண்ணன் பேப்பரைச் சொல்லிட்டார், நான் இன்ஜினுக்கு வரேன்.

போனதும் சிலிண்டர்ல கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். ஆறட்டும்னு காத்திருங்க. இந்த வண்டி தன் குணத்தைக் காட்டுறது முதல் கிக்லதான்.

நாலு மாசம் நின்ன வண்டில ஆயில் தன் அறையில இருந்து மெதுவா பம்ப்பைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள்ள இறங்கியிருக்கும். அதனால டிப் ஸ்டிக்ல ஆயில் குறைச்சலா தெரியும். அதைப் பார்த்துட்டு மேல ஊத்தினா மொத்தமும் ரெண்டே கால் லிட்டரைத் தாண்டிப் போய் பிரீதர் (இன்ஜின் காத்து வெளியேறுற குழாய்) வழியா கக்கும். ஸ்டார்ட் ஆனதும் அஞ்சு நிமிஷம் நீலப் புகை வந்து அடங்கினா பயப்பட வேண்டாம். சூடேறின பிறகும் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் புகைஞ்சா பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டர் துளை) போயிருக்கு. ஸ்டாண்டர்ட் போர் 70 மி.மீ. 60 தௌ (ஒரு இன்ச்சை ஆயிரமாப் பிரிச்சதுல 60 பங்கு) ஓவர்சைஸ் வரைக்கும் கடைஞ்சிருந்தா அடுத்தது ஸ்லீவ்தான், அதாவது சிலிண்டருக்குள்ள புதுக் குழாய் இறக்கணும். எந்த சைஸ்ல இருக்குன்னு கேட்டு, லேத் பில் இருந்தா வாங்கிப் பாருங்க.

டேப்பெட் (வால்வைத் தூக்குற பாகம்) பார்க்கறது சுலபம். வலது பக்கம் சிலிண்டர் அடியில சின்ன மூடி இருக்கும், ஒரே நட். இன்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன்ல மேல நிக்கிறப்போ திறங்க. உள்ள தெரியுற புஷ் ராடை (வால்வுக்குப் போற கம்பி) ரெண்டு விரலால உருட்டினா உருளணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. உருளவே இல்லேன்னா டேப்பெட் இறுக்கம், வால்வு கருகியிருக்க வாய்ப்பு அதிகம். கிக்கரை மெதுவா அழுத்திக்கிட்டே சைலன்சர் வாய்ல காது வைங்க, 'ஸ்ஸ்'னு காத்து கசிஞ்சா உறுதி.

பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க்கோட சேர்ற பேரிங்) சத்தம் கேட்கணும்னா மூணாவது கியர்ல 40 கி.மீ. வேகத்துல போய், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கொடுங்க. அடியில இருந்து 'டொக் டொக்'னு கனமான சத்தம் வந்தா கிராங்க்கைப் பிரிச்சு கிராங்க் பின்னை மாத்தி, டயல் கேஜ் வெச்சு ட்ரூ (கோணல் இல்லாம நேர்) பண்ணணும். அந்தச் செலவை விலைல கழிக்கணும். மேல இருந்து வர்ற லேசான 'டிக் டிக்' பிஸ்டன் சத்தம் சூடானதும் குறையும், அது பெரிய விஷயம் இல்ல.

இங்கதான் பலர் ஏமாறுறாங்க. ராக்கருக்கு (வால்வை அழுத்துற மேல்பாகம்) போற ஆயில் பைப் போல்ட்டை லேசா லூஸ் பண்ணிக் காட்டி, "பாருங்க ஆயில் வருது"ம்பாங்க. ராக்கருக்கு வந்தா பிக் எண்டுக்கும் வருதுன்னு ஆகாது. பிக் எண்டுக்கான ஆயில் டைமிங் கவர்ல இருந்து ஒரு சின்ன சீல் வழியாத்தான் கிராங்க் முனைக்குள்ள நுழையுது. சுண்டு விரல் நகம் அளவு சாமான். யாராவது கவரைக் கழட்டிட்டு அந்த சீலை மாத்தாம பழையதையே வெச்சு மூடியிருந்தா, ஆயில் வெளியிலயே கசிஞ்சு பிக் எண்ட் காய்ஞ்சு போகும். வாங்கினா முதல் வேலையா அதை மாத்துங்க.

கியர்: முதல் கியர் மேல, மத்த மூணும் கீழ. நாலாவதுல நின்னு நியூட்ரல் லிவரை மிதிச்சா ஒரே அடியில நியூட்ரல் விழணும்.

ஆம்மீட்டர்:
12 வோல்ட் பத்தி யாரும் சொல்லல. பல்பும் பேட்டரியும் மட்டும் மாத்திட்டு 12 வோல்ட்னு சொல்லுவாங்க. ஆல்டர்னேட்டர் காயில், ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், ஹார்ன் எல்லாம் சேர்ந்து மாறியிருக்கணும். சாவி போட்டு கிக்கரை மெதுவா அழுத்துங்க. பாயின்ட் (ஸ்பார்க்குக்கான காண்டாக்ட்) மூடினா ஆம்மீட்டர் (கரண்ட் காட்டுற மீட்டர்) முள் மைனஸ் பக்கம் போகும், திறந்தா நடுவுக்கு வரும். அசையவே இல்லேன்னா மீட்டர் செத்திருக்கு, இல்ல சுத்தி வேற வயர் இழுத்திருக்காங்க.

புது பெயின்ட் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. மெல்லிசுத் துணி சுத்தின காந்தத்தை டேங்க், மட்கார்டு மேல நகர்த்துங்க, பிடி விட்ட இடத்துல பட்டி இருக்கு. தங்கக் கோடு கையால இழுத்ததா, ஸ்டிக்கரான்னு நகத்தால தொட்டாலே தெரியும். ஸ்டிக்கர்னா 'ஒரிஜினல்'ங்கற பேச்சுக்குத் தனி விலை கொடுக்காதீங்க.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். 50 வருஷம் தாண்டினதால விண்டேஜ் பதிவு பண்ணிக்கலாம்னு விக்கிறவர் சொல்றார். தேவையா?

பழைய_இரும்பு:
2021-ல வந்த விதி அது. புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரும். ஆனா அப்படிப் பதிஞ்ச வண்டியைக் கண்காட்சி, பேரணி மாதிரிக் காரியத்துக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம், தினமும் ஓட்ட முடியாது. நீங்க வேலைக்கு ஓட்டப் போறீங்கன்னா சாதாரணப் புதுப்பிப்பே போதும். போறப்போ அந்தப் பென்சிலை மறக்காதீங்க.