கோஹா கொட்டேஷனில் முதல் வரி

குழு: மேலத்தெரு குடும்பம்

மீனாட்சி: எல்லோருக்கும் வணக்கம். நாளை காலை பதினொரு மணிக்கு எங்கள் கல்லூரியில் கொள்முதல் குழுக் கூட்டம். நூலகத்துக்குக் கோஹா என்ற, புத்தகப் பட்டியலையும் தேடலையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளைப் போடுவதற்கு ஒரு நிறுவனம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. மொத்தம் 1,86,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. "இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்கம்மா இவ்வளவு பணம்?" என்று முதல்வர் கேட்கிறார். கதிர், நீ இப்படிப்பட்ட மென்பொருளை நிறுவிப் பராமரிக்கும் தொழிலில்தானே இருக்கிறாய்? நான் என்ன பதில் சொல்ல?

செல்வம்: அக்கா, முதல்வர் கேட்பது நியாயம்தானே? யாரோ எழுதி ஊருக்குக் கொடுத்ததை எடுத்து விலைச்சீட்டு ஒட்டுவது வியாபாரமே இல்லை. என் கடைக்கு இப்படி ஒருவர் வந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

பாரதி: அத்தை, பணமே வேண்டாம். நானும் எங்கள் லினக்ஸ் குழு நண்பர்களும் வந்து போட்டுத் தருகிறோம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதன்மேல் கோஹாவைப் போட ஒரு நாள் போதும்.

இராமலிங்கம்: பாரதிக்கு நல்ல மனம். என் கேள்வியும் செல்வம் கேட்டதுதான். எழுதியவர்கள் இலவசமாகக் கொடுத்ததை இடையில் வருகிறவர் விற்கலாமா?

கதிர்: வேலையாக இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். அத்தை, பணம் கேட்பதில் தவறே இல்லை. எதற்காகக் கேட்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொட்டேஷனை வரி வரியாக இங்கே எழுதுங்கள்.

கதிர்: அப்பா, அத்தை எழுதுவதற்குள் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், தாம் எழுதிய ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பு மென்பொருளை 1985இல் ஒரு காந்த நாடா 150 டாலர் என்று விற்றார். வாங்கியவர் அதை நகலெடுத்து யாருக்கும் கொடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். இதற்குத் தடை போடக் கூடாது என்பதே அவருடைய நிபந்தனை. விற்காதே என்று அவர் சொன்னதே இல்லை.

செல்வம்: முதலில் வாங்கியவரே ஊருக்கெல்லாம் கொடுக்கலாம் என்றால் இரண்டாவது ஆள் ஏன் வாங்க வேண்டும்?

கதிர்: வாங்க மாட்டார், சித்தப்பா. அதனால்தான் இந்தத் தொழிலில் இருக்கிற பெரும்பாலான நிறுவனங்கள் மென்பொருளை நம்பிப் பிழைப்பதில்லை; அதைச் சுற்றியிருக்கும் வேலையை விற்கின்றன. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் அப்படித்தான் வளர்ந்தது. 2019இல் ஐபிஎம் அதை 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

மீனாட்சி: இதோ.
பயனாளர் உரிமக் கட்டணம் (5 பேர்): 75,000
நிறுவுதல்: 20,000
பழைய தரவு மாற்றம்: 40,000
பயிற்சி, இரண்டு நாள்: 15,000
முதலாண்டுப் பராமரிப்பு: 36,000
ஆறாவது ஆள் சேர்ந்தால் உரிமத்துக்கு இன்னும் 15,000 கட்ட வேண்டும் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கதிர்: முதல் வரியை அடித்துவிடுங்கள் அத்தை. 75,000 ரூபாயும் போக வேண்டும், சிறிய எழுத்தும் போக வேண்டும். கோஹா, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வருகிறது. அந்த உரிமத்தின் நான்காம் பிரிவு, ஒரு பிரதியைக் கொடுப்பதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் விலை வைக்கலாம், பராமரிப்புக்கும் கட்டணம் வாங்கலாம் என்கிறது. பத்தாம் பிரிவோ, உரிமம் ஏற்கெனவே உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமைகளைப் பயன்படுத்துவதற்கு யாரும் கட்டணம் விதிக்கக் கூடாது என்கிறது. நூலகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்தாலும் ஐம்பது பேர் உட்கார்ந்தாலும் அது உங்கள் உரிமை. தலையை எண்ணிக் காசு கேட்க அந்த நிறுவனத்துக்கு இடமே இல்லை. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. ஒழுங்காக வேலை செய்து பில் போடுகிற எங்களைப் போன்றவர்களின் பெயரையும் இது கெடுக்கிறது.

செல்வம்: நான் சொன்னேன் பார்த்தாயா?

பாரதி: மற்ற நான்கு வரிகளையும் அடித்துவிடலாம் அண்ணா. அதையெல்லாம் நாங்கள் செய்கிறோம் என்றுதானே சொல்கிறேன்.

கதிர்: இல்லை பாரதி. மற்ற நான்கும் நாணயமான வரிகள். அத்தை, உங்களிடம் எத்தனை தலைப்புகள் இருக்கின்றன? தமிழ்ப் புத்தகங்களை எந்த எழுத்துருவில் ஏற்றியிருக்கிறீர்கள்?

மீனாட்சி: 38,000 தலைப்புகள். அதில் தமிழ் மட்டும் பதினான்காயிரத்துக்கு மேல். முன்பு இருந்தவர் எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ஏற்றியிருக்கிறார்.

கதிர்: அப்படியென்றால் அந்த 40,000 ரூபாய் அதிகமே இல்லை. பாமினியில் அடித்ததை யூனிகோடு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். நிரல் கொண்டு மாற்றலாம். ஆனால் ஒரே தலைப்பில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்று வந்தால் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தமிழாக்கி அலங்கோலம் செய்துவிடும். நிஜமான அரைப்புள்ளியும் புள்ளியாகிவிடும். யாராவது உட்கார்ந்து கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அதற்குப் பிறகு நூலகப் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்தில் ஆசிரியர், தலைப்பு, வகைப்பாட்டு எண் ஒவ்வொன்றையும் அதனதன் புலத்தில் சேர்க்க வேண்டும். இது வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை.

பாரதி: அந்த மாற்றும் நிரலையும் தமிழ் ஆர்வலர்கள் இலவசமாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வைத்து நிறுவனம் 40,000 வாங்குகிறது. எழுதியவருக்கு என்ன போய்ச் சேருகிறது?

கதிர்: சரியான இடத்தில் பிடித்தாய். இதற்குப் பிறகு வருகிறேன், மறக்க மாட்டேன்.

மீனாட்சி: பழைய மென்பொருள் கதையை முதல்வர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. அதுவும் பணம் கொடுத்து வாங்கியதுதான். கணினியின் பின்னால் ஒரு சாவி செருகினால்தான் திறக்கும். விற்ற நிறுவனம் கடையை மூடிய பிறகு அந்தச் சாவி கெட்டுப்போனது. தரவு முழுவதும் உள்ளே இருக்கிறது, திறக்க வழியில்லை. கடைசியாக எடுத்திருந்த நகலுக்குப் பின் வந்த புத்தகங்களை எல்லாம் அக்சஷன் பதிவேட்டை, அதாவது புத்தக வரவுப் பதிவேட்டைப் பார்த்து உதவியாளர் திரும்பவும் அடித்தார். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிற நேரம் வேறு. பாவம், அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகூட வந்தாள்.

இராமலிங்கம்: அப்போது விலை கொடுத்து வாங்கிய பொருளில்தான் மாட்டிக்கொண்டீர்கள்.

கதிர்: அதேதான் அப்பா. இனிமேல் அப்படி மாட்டாமல் இருப்பதற்குத்தான் இப்படி மூலநிரலைத் திறந்து கொடுக்கும் ஓப்பன் சோர்ஸ். இந்த நிறுவனம் நாளை மூடிப்போனாலும் கோஹா தெரிந்த இன்னொருவர் அதே தரவை எடுத்து அதே இடத்திலிருந்து தொடரலாம். நீங்கள் கொடுக்கிற பணம் வேலைக்குப் போகிறது. உங்களைக் கட்டிப்போடும் கயிற்றுக்குப் போவதில்லை.

பாரதி: அண்ணா, நாங்கள் போட்டாலும் அதே தரவு, அதே மென்பொருள்தானே?

கதிர்: போடுவீர்கள், நன்றாகவே போடுவீர்கள். அதற்குப் பிறகு? ஒரு நூலகத்தில் மின்சாரம் போய் வந்தபின் தேடல் வேலை செய்யவில்லை என்று எங்களுக்கு இரவில் அழைப்பு வந்தது. புத்தக எண்ணைக் கொடுத்தால் பதிவு திறக்கிறது. தலைப்பைக் கொடுத்துத் தேடினால் 'முடிவுகள் இல்லை'. புத்தகங்கள் தரவுதளத்தில் பத்திரமாக இருக்கின்றன. தேடலுக்கென்று, கோஹாவோடு ஓடும் ஜீப்ரா என்ற தேடல் மென்பொருள் தனியே வைத்திருக்கும் அட்டவணைதான் உடைந்திருக்கிறது. முதலிலிருந்து அதைக் கட்ட வேண்டியிருந்தது, விடியும்வரை ஓடியது. காலையில் மாணவர்கள் வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அந்த 36,000 ரூபாய் இந்த இரவுக்கான பணம். என் சம்பளமும் இப்படிப்பட்ட கட்டணத்திலிருந்துதான் வருகிறது. அடுத்த ஆண்டு ஜூனில் நீ எந்த ஊரில் வேலையில் இருப்பாய் என்று உனக்கே தெரியாது.

பாரதி: ஜூனியர்கள் இருப்பார்கள். எங்கள் குழு ஒரு ஆளை நம்பி இல்லை. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா.

மீனாட்சி: கதிர், தேடல் என்றதும் நினைவுக்கு வருகிறது. அவர்கள் செய்து காட்டியபோது ஆங்கிலத் தலைப்புகள் உடனே வந்தன. தமிழில் தேடினால் சில வந்தன, சில வரவில்லை.

கதிர்: ஜீப்ரா அட்டவணையைப் பன்மொழி எழுத்துகளுக்கான ஐசியூ முறையில் அமைத்தார்களா என்று கேளுங்கள். கோஹாவில் தமிழ்போன்ற மொழிகளைத் தேட அந்த அமைப்புத்தான் வேண்டும். முழித்தார்கள் என்றால் தமிழ் நூலகம் எதிலும் வேலை செய்ததில்லை என்று அர்த்தம். அப்போது நிறுவுதலுக்குக் கேட்கும் 20,000 ரூபாயைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும்.

இராமலிங்கம்: எனக்கு இப்போது பிடிபடுகிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். இருந்தும் பிழை திருத்தி, நல்ல தாளில் அச்சிட்டுக் கட்டிய பதிப்பை நான் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். படிப்பதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று அந்தப் பதிப்பகம் என்னிடம் கேட்டால்தான் அநியாயம்.

மீனாட்சி: அண்ணா, இதை நாளைக் கூட்டத்தில் அப்படியே சொல்லப்போகிறேன்.

கதிர்: இப்போது பாரதி கேட்டதற்கு வருகிறேன். நிறுவனங்கள் பணம் வாங்குவதில் எனக்குக் குறையில்லை. வாங்கியதில் ஒரு பங்குகூட எழுதியவர் பக்கம் போகாததுதான் குறை. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல், இணையத்தில் போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்க உலகத்து வங்கித் தளங்களும் கடைகளும் நம்பியிருந்த மென்பொருள். அதற்கு அதுவரை ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். முழுநேரமாக அதில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்! ஓட்டை தெரிந்த பிறகுதான் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் எல்லாம் லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பணம் போட்டன.

செல்வம்: கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்கள் 2,000 டாலரிலா காலம் தள்ளினார்கள்? இதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

கதிர்: கோஹாவின் கதை இதைவிட நல்ல கதை, சித்தப்பா. நியூசிலாந்தில் லெவின் என்ற சிற்றூர். அங்கே ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தது. கடிபோ என்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துப் புதிதாக எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரி 3 அன்று நூலகம் அதில் இயங்கத் தொடங்கியது. பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் மார்க் வடிவம் அதில் இல்லை. அமெரிக்காவின் ஒஹையோவில் நெல்சன்வில் பொது நூலகம், நாங்கள் பணம் தருகிறோம், இதைச் சேருங்கள் என்றது. சேர்த்தார்கள். அந்த நூலகம் கொடுத்த பணத்தில் எழுதிய பகுதியைத்தான் நாளை நம் அத்தையின் 38,000 தலைப்புகளும் பயன்படுத்தப்போகின்றன. ஒருவர் கொடுத்தால் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஓப்பன் சோர்ஸுக்குக் கொடுக்கிற பணத்தை நான் இவ்வளவு தூரம் ஆதரிப்பது இதனால்தான்.

பாரதி: முழுவதையும் சொல்லுங்கள் அண்ணா. 2009இல், கோஹாவுக்குச் சேவை விற்ற லிப்லைம் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தனிப் பதிப்பு என்று ஆரம்பித்ததே? அடுத்த ஆண்டு லிப்லைமை வாங்கிய பி.டி.எஃப்.எஸ். நிறுவனம் நியூசிலாந்திலேயே கோஹா பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதியப் பார்த்தது. எழுதச் சொன்ன அந்த நூலகமே தன் மென்பொருளின் பெயருக்காக வழக்காட வேண்டியிருந்தது. 2013இல்தான் நூலகம் பக்கம் தீர்ப்பு வந்தது. பணம் உள்ளே வந்தால் இதுவும் வருகிறது.

கதிர்: வருகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் உரிமம் ஜிபிஎல்லாக இருந்ததால் சமூகம் தன் பதிப்பைத் தொடர்ந்து வளர்க்க முடிந்தது. நீ சொன்னதிலிருந்து அத்தைக்கு ஒரு பாடம் இருக்கிறது. அத்தை, சர்வர் யாரிடம் இருக்கும்?

மீனாட்சி: அவர்களிடமே இருக்கும், எங்களுக்கு இணைய முகவரி மட்டும் என்றார்கள்.

கதிர்: அங்கேதான் ஜிபிஎல் உங்களைக் காப்பாற்றாது. பிரதியை உங்கள் கையில் கொடுத்தால்தான் மூலநிரலையும் தர வேண்டும் என்பது அதன் விதி. தங்கள் சர்வரில் ஓட்டிச் சேவை மட்டும் கொடுத்தால் அந்தக் கடமை கிடையாது. அதற்கென்றே ஏஜிபிஎல் என்று தனி உரிமம் இருக்கிறது. கோஹா அதில் வரவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் நீங்களே எழுதி வாங்க வேண்டும். வாரம் ஒருமுறை தரவுதளத்தின் முழு நகலும் மார்க் கோப்பும் கல்லூரிக்கு வர வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் மூடி முத்திரையிட்ட உறையில் முதல்வரிடம் இருக்க வேண்டும். உங்களுக்காகச் செய்த மாற்றங்களின் மூலநிரலை உங்களிடமும் தர வேண்டும், கோஹா சமூகத்துக்கும் அனுப்ப வேண்டும். நல்ல நிறுவனம் என்றால் மறுபேச்சில்லாமல் கையெழுத்திடும்.

செல்வம்: கடைசியில் சொன்னதற்கு அவர்கள் ஏன் ஒப்புவார்கள்? தன் வேலையைப் போட்டியாளருக்குக் கொடுப்பதா?

கதிர்: அவர்களுக்கும் இலாபம்தான் சித்தப்பா. மாற்றம் மூலக் கோஹாவில் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அதைத் திரும்பத் திரும்பச் செருக வேண்டியதில்லை. தனியாக வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைவலி.

மீனாட்சி: நாளைக்கு இப்படி வைக்கப்போகிறேன். உரிமக் கட்டணம் கிடையாது. மீதி 1,11,000 ரூபாய்க்கு ஒப்புதல் கேட்பேன். தமிழ்த் தேடலை எங்கள் கண்முன் செய்து காட்டிய பிறகுதான் நிறுவுதல் தொகை. கதிர் சொன்ன மூன்றும் ஒப்பந்தத்தில் வரும். ஒப்பவில்லை என்றால் வேறு இரண்டு இடங்களில் விலைப்புள்ளி கேட்போம்.

இராமலிங்கம்: கோஹா சமூகத்துக்குக் கல்லூரி சார்பில் ஒரு சிறு தொகை கொடுக்க வழி உண்டா என்றும் கேள் மீனாட்சி.

மீனாட்சி: நன்கொடை என்று எழுதினால் தணிக்கையில் நிற்காது அண்ணா. ஒரு வசதியைச் செய்து தரச் சொல்லிப் பணி ஆணை கொடுத்தால் நிற்கும். தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வருவதால் ஆசிரியர் வரிசை குழம்புகிறது. அடுத்த ஆண்டு நிதியில் அதைக் கேட்டுப் பார்க்கிறேன்.

பாரதி: அத்தை, அதை நாங்கள் எழுதித் தரலாமா? கோஹா பெர்ல் மொழியில் இருக்கிறது, நான் கற்றுக்கொண்டு வருகிறேன்.

மீனாட்சி: தாராளமாக. அதற்கு முன் வேறு வேலை இருக்கிறது. மாற்றிய பதினான்காயிரம் தமிழ்த் தலைப்புகளையும் பிழை பார்க்க எங்களுக்கு ஆள் வேண்டும். உன் நண்பர்களையும் அழைத்து வா. ஆளுக்கு நாள் கூலி உண்டு.

பாரதி: கூலி எல்லாம் வேண்டாம் அத்தை.

மீனாட்சி: வேண்டாம் என்றால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும். வவுச்சரில் கையெழுத்திட வேண்டும், அடையாள அட்டை நகலோடு சனிக்கிழமை ஒன்பதரைக்கு வந்துவிடு.