பிடிக்காத வேலையை விட்டுட்டு ஒரு வருஷ கான்ட்ராக்ட்டுக்குப் போகலாமா? சிங்கப்பூர் வந்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

கேள்வி:

ஊர் தேவகோட்டைப் பக்கம். சிங்கப்பூர் வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது, எம்ப்ளாய்மென்ட் பாஸ்ங்கிற வேலை அனுமதியில இருக்கேன். மாசம் 5,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), டிசம்பர்ல 13ஆம் மாசச் சம்பளம் உண்டு. வேலை சுத்தமாப் பிடிக்கல. இன்னொரு கம்பெனியில 12 மாசக் கான்ட்ராக்ட், 6,800 வெள்ளி தர்றேங்கிறாங்க, போனஸ் கிடையாது. ஊர்ல வீட்டு மராமத்துக்கு வாங்குன நகைக்கடன் ஓடுது. நிரந்தர வேலையை விடாதேன்னு அப்பா சொல்றார். என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, மாசம் ஆயிரம் வெள்ளி கூடுதேன்னு பார்க்காம வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. இப்ப வாங்குறது 5,800 × 13 = 75,400 வெள்ளி. கான்ட்ராக்ட்ல 6,800 × 12 = 81,600. கூடுதல் 6,200. ஆனா கான்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்த வேலைக்கு ஒரு மாசம் காத்திருந்தாலே அந்த இடைவெளி விழுற 12 மாசத்துல கையில வர்றது 11 மாசச் சம்பளம், 74,800தான், இப்ப இருக்கிறதைவிட 600 குறைவு. ரெண்டு மாசம் இடைவெளி விழும்னு வெச்சுக்கிட்டா, பழைய வருமானம் வரவே மாசம் 7,540 வேணும். அது இப்போதைய சம்பளத்தைவிடச் சரியா 30 சதவீதம் அதிகம். அதுக்குக் கீழே பணத்துக்காக மாறாதீங்க. நல்ல தொழில் கத்துக்கலாம், இல்ல இப்ப இருக்கிற இடத்துல உடம்பு தாங்கலைன்னு மாறுறது வேற விஷயம், அதுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதல்ல 7,540 கேட்டுப் பாருங்க. போனஸ் இல்லாத வேலைங்கிறதைக் காட்டியே பேசலாம்.

அடுத்து பாஸ். எம்ப்ளாய்மென்ட் பாஸ் கம்பெனியோட கட்டுனது. புதுக் கம்பெனி புதுசா விண்ணப்பம் போடணும், மனிதவள அமைச்சு முதல்லேருந்து பார்க்கும். குறைஞ்சபட்சச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து 5,600 வெள்ளி, நிதித்துறைன்னா 6,200. வயசு ஏற ஏற அந்த வரம்பும் ஏறும். அதோட காம்பஸ்னு ஒரு புள்ளி முறை இருக்கு, அதுல 40 புள்ளி வேணும். நம்ம ஆளுங்க அதிகம் மாட்டுறது இங்கதான். புதுக் கம்பெனியோட உயர்நிலை ஊழியர்கள்ல 25 சதவீதமோ அதுக்கு மேலயோ ஏற்கெனவே இந்தியர்கள்னா, நாட்டுக் கலப்புக்கான புள்ளி உங்களுக்குப் பூஜ்யம். போன வருஷம் பாஸ் கிடைச்சதேன்னு நம்பி இருக்கக்கூடாது. அந்தக் கம்பெனியை அமைச்சோட சுயமதிப்பீட்டுக் கருவியில உங்க விவரத்தைப் போட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க, அவங்களுக்கு அது கொஞ்ச நேர வேலை.

அதனால வரிசை மாறக்கூடாது. ஆஃபர் லெட்டர் கையெழுத்தாகணும், புதுக் கம்பெனி விண்ணப்பிக்கணும், கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம், அதாவது ஐபிஏ, கைக்கு வரணும். அப்புறம்தான் ராஜினாமா. பழைய பாஸ் உயிரோட இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், பெரும்பாலும் 10 வேலை நாள்ல பதில் வந்துடும். கோபத்துல முதல்ல ராஜினாமா கொடுத்துட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டா, பாஸ் ரத்தானதும் 30 நாள் தங்கத்தான் அனுமதி, அந்த நாள்ல வேலை பார்க்கக்கூடாது. அப்புறம் திருச்சி விமானம்தான்.

நகைக்கடன் இருக்குன்னீங்க, இதையும் கேளுங்க. வெளிநாட்டு ஊழியர் வேலை மாறினாலே கம்பெனி ஐஆர்21 படிவம் போட்டு வரி அலுவலகத்துக்குச் சொல்லணும். வரிக் கணக்கு தீர்ற வரைக்கும் உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்கணும்னு சட்டம். கடைசி மாசச் சம்பளம், விடுப்புக் காசு எல்லாம் அதுல அடங்கும். வரி கழிச்சு மிச்சம் வந்துடும், ஆனா அந்த மாசம் அக்கவுண்ட்ல காசு இருக்காது. மூணு மாச வாடகை, வட்டி, சாப்பாட்டுச் செலவு கையில சேர்ந்த பிறகு நகருங்க.

நாள் பார்க்கிற வீடுதானே? மார்கழியில புது வேலைக்குப் போக வேண்டாம்னு வீட்ல சொன்னா சந்தோஷமாக் கேட்டுக்குங்க. 13ஆம் மாசச் சம்பளம் டிசம்பர்ல வந்துடும், தை பிறந்து சேர்ந்தா அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்ல. முன்னாடியே போறதா இருந்தா, நடுவுல விலகுறவருக்கு விகிதப்படி தருவாங்களான்னு பழைய ஒப்பந்தத்துல படிச்சுப் பாருங்க.

இன்னொரு பதில்:

அண்ணன் பணத்தைச் சொல்லிட்டாங்க, நான் காகிதத்தைச் சொல்றேன். காலக்கெடு வெச்சுப் போற வேலை நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல தம்பி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் செட்டியார் கடைகளுக்குப் போன ஏஜெண்டுகள் மூணு வருஷக் கெடுவுக்குத்தான் போனாங்க, கப்பல் ஏறும் முன்னே சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதிட்டு. அப்பாகிட்ட அதைச் சொல்லுங்க, அவருக்குப் புரியும். அப்புறம் உங்க சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு உட்கார்ந்து படிங்க.

முதல்ல பார்க்க வேண்டியது நோட்டீஸ் ஷரத்து. மேலே 12 மாசம்னு பெருசாப் போட்டிருப்பாங்க, உள்ளே "இரு தரப்பும் இரண்டு வார நோட்டீஸில் முடிக்கலாம்"னு இருக்கும். அப்படின்னா அது ரெண்டு வார வேலை, அவ்வளவுதான். குறைஞ்சது ஒரு மாசம், முடிஞ்சா ரெண்டு மாசம் கேளுங்க.

அடுத்து, பாஸ்ல யார் பேர்? சம்பளம் போடுறது ஒரு ஏஜென்சி, உட்கார்ந்து வேலை பார்க்கிறது இன்னொரு கம்பெனியிலன்னா, அந்த ஏற்பாடு விண்ணப்பத்துல காட்டப்பட்டிருக்கான்னு எழுத்துல வாங்குங்க. மழுப்பினா கையெழுத்துப் போடாதீங்க. உரிமம் உள்ள ஏஜென்சி உங்ககிட்ட வாங்கக்கூடிய கட்டணம் வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம், மொத்தம் ரெண்டு மாசத்துக்கு மேல போகக்கூடாது. வேலை கொடுக்கிறதுக்குன்னு முதலாளியே காசு கேட்டா அது குற்றம்.

புது வேலையில சம்பளத்தோட விடுப்பு, மருத்துவ விடுப்பு ரெண்டுக்கும் சட்டப்படி மூணு மாசம் முடியணும். எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. நிரந்தர ஊழியருக்குக் கொடுத்துட்டுக் கான்ட்ராக்ட் ஆளை விட்டுடுற இடங்கள் உண்டு. நமக்கு இங்க ஆஸ்பத்திரியில சலுகைக் கட்டணமும் கிடையாது, அதனால இதைக் கேட்காம விடாதீங்க.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்க. ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல டிப்ளமேட்டிக் கிளாஸ், அதாவது வேலை போனா முன்கூட்டியே வெளியேற விடுற ஷரத்து, இருந்தா, வழக்கமா 12 மாசத்துக்கு அப்புறம் ரெண்டு மாச நோட்டீஸ்ல வெளியேறலாம். அது இல்லாம வேலை போனா மிச்ச வாடகை உங்க தலையில.

"பின்னாடி நிரந்தரம் ஆக்கிடுவோம்"னு வாயால சொல்றதுக்கு மதிப்புப் போடாதீங்க. இந்த இடம் ஏன் தற்காலிகம்னு கேளுங்க. பிரசவ விடுப்புக்குப் பதிலா எடுக்குறாங்கன்னா அவங்க திரும்பி வந்ததும் முடிஞ்சது. புதுத் திட்டம்னா நீள வாய்ப்பு உண்டு. பழைய சிஸ்டத்தை மூடுற வரைக்கும் பராமரிக்க ஆள்னா, ஒரு வருஷம் கழிச்சு ரெஸ்யூமேல சொல்ல ஒண்ணும் இருக்காது, அதுக்குப் போகாதீங்க.

ஒண்ணே ஒண்ணு. பிடிக்கலைங்கிறதுக்குக் காரணம் சம்பளம் சரியா வராததுன்னா, இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். சம்பளக் காலம் முடிஞ்ச ஏழு நாளுக்குள்ள கொடுக்கணும்னு சட்டம். வேலையில இருக்கும்போதே டிஏடிஎம்ல, அதாவது சம்பளத் தகராறைப் பார்க்கிற அமைப்புல, முறையிடலாம், பாக்கி ஏற்பட்ட ஒரு வருஷத்துக்குள்ள போகணும். விலகிட்டா ஆறு மாசம்தான் கெடு. பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை நேரப் பதிவு மூணையும் கம்பெனி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்குறதுக்கு முன்னாடியே உங்க சொந்த மெயிலுக்கு எடுத்து வெச்சுக்குங்க.