ஒரே மாடல் மானிட்டர் இரண்டையும் ஸ்கிரிப்ட்டில் பிரித்தறிவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. உபுண்டு லேப்டாப்பில் டாக் (லேப்டாப்பில் ஒரே கேபிளால் பல கருவிகளை இணைக்கும் பெட்டி) வழியாக ஒரே மாடல் மானிட்டர் இரண்டை மாட்டியிருக்கிறேன். ஒன்று நெட்டுக்குத்தாக, இன்னொன்று படுக்கையாக. கேபிளைச் செருகியதும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் தானாக ஓடி, சரியான திரையைத் திருப்ப வேண்டும்.

மானிட்டர் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. டிஆர்எம் (லினக்ஸ் கெர்னலில் திரைகளைக் கையாளும் பகுதி) சார்ந்த /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் கோப்புறையில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஸ்டேட்டஸ் என்றொரு கோப்பு உண்டு. உள்ளே ‘கனெக்டட்’ அல்லது ‘டிஸ்கனெக்டட்’ என்று இருக்கும். (கிரெப் என்ற தேடல் கட்டளை போடுவோர் முழுச் சொல்லாகத் தேடுங்கள், இல்லாவிட்டால் இரண்டுமே சிக்கும்.)

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். டாக்கைக் கழற்றி மாட்டினால் போர்ட் எண் மாறிவிடுகிறது. சரி, ஈடிஐடி (மானிட்டர் தன் மாடல், சீரியல் எண் போன்றவற்றைக் கணினிக்குச் சொல்லும்) தகவலை வைத்துப் பிரிக்கலாம் என்று அதன் முதல் 128 பைட்டையும் படித்தேன். சீரியல் எண் வரவேண்டிய 4 பைட்டிலும் பூஜ்யம். மற்றதெல்லாம் இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றே.

டிஸ்பிளே போர்ட் எம்எஸ்டி (ஒரே கேபிளில் பல திரைகள்) இணைப்புகளுக்கு டிஆர்எம்மில் ‘பாத்’ என்றொரு பண்பு உண்டே, அதை மோட்டெஸ்ட் என்ற, டிஆர்எம் பண்புகளைக் காட்டும் கட்டளையால் படித்துப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ரீபூட்டுக்குப் பிறகும் அது மாறாமல் இருக்கிறதா? வேறு வழி தெரிந்தாலும் சொல்லுங்கள். வேலண்டில் (எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த திரை அமைப்பு) ஓட வேண்டும் என்பதால், எக்ஸ்11-க்கான திரை அமைப்புக் கட்டளையான எக்ஸ்ரேண்டர் மட்டும் வேண்டாம்.