சாரங்கனுக்கு ஒரு டைரி

பாப்பா: பெரியப்பா, கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ பற்றி நாளை கல்லூரியில் பேச வேண்டும். சாரங்கன் இனிமேல் எதை எதிர்பார்ப்பான் என்பதுதான் தலைப்பு.

பெரியப்பா: நல்ல கதை. அழகிரிசாமி நம் இடைசெவல்காரர், 1923இல் பிறந்தவர். அவர் மறைந்த 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இந்தப் பெயர் கொண்ட தொகுப்புக்குத்தான். கதைக்கு வருகிறேன். கதை சொல்பவர் வேறு சில பிள்ளைகளுக்கு டைரி தருகிறார், சிறுவன் சாரங்கனுக்குத் தரவில்லை. அவன் அவரை வீட்டுக்கு வருந்தி அழைக்கிறான்.

திருப்பூர் மாமா: அத்தான், ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு வேனில் எத்தனை பேர்?

பெரியப்பா: இரு, முடித்துவிடுகிறேன். போனால், அவனே ஒரு டைரியை எடுத்து வைத்து, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். டைரி கைக்கு வந்துவிட்டது. அவனுக்கு வேண்டியது அந்தக் கையெழுத்து. இனியாவது தன்னையும் சேர்த்துக்கொள்வார் என்று நம்புகிறான்.

மதுரை அத்தை: இல்லை அண்ணா. இனிமேல் தானாகத் தர மாட்டார் என்று தெரிந்துதான் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

பாப்பா: நம்பிக்கை போய்விட்டதா அத்தை?

மதுரை அத்தை: போய்விட்டது. பம்பாயிலிருந்து நம் அப்பா வந்தபோது உங்களுக்கும் பாப்பாவின் அப்பாவுக்கும் பேனா. எனக்கு?

பெரியப்பா: உனக்கு நான்கு வயது. எழுதவே தெரியாதே.

மதுரை அத்தை: மூடியைத் திறந்து பார்த்திருப்பேன்.

ஆச்சி: அன்று சோறு உண்ணாமல் நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

திருப்பூர் மாமா: நம்பிக்கை போனவன் எதற்கு அவரை வீட்டுக்கு அழைக்கிறான்? வேறு யாரிடமாவது எழுதி வாங்கியிருக்கலாமே. வேன்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பாப்பா: மாமா சொல்வது சரியாகப் படுகிறது. இன்னொன்று. டைரி என்றால் வரப்போகும் நாட்கள். உள்ளே எல்லாம் வெற்றுத்தாள். அவற்றுக்கெல்லாம் முன்னால் அவருடைய எழுத்து இருக்க வேண்டும் என்று நினைக்கிறான்.

பெரியப்பா: இதை முதலில் சொல். விருதையும் விட்டுவிடாதே.

மதுரை அத்தை: நான் சொன்னதையும் சேர்த்துக்கொள். கேட்டு வாங்குவது வலிக்கும்.

பாப்பா: இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றனவே அத்தை.

மதுரை அத்தை: மோதட்டும்.

அப்பா: அந்தப் பேனா என் பெட்டியில் இருக்கிறது. ஞாயிறு எடுத்துவருகிறேன்.

மதுரை அத்தை: எனக்கு எதற்கு இப்போது?

திருப்பூர் மாமா: பதினான்கு பேர் என்று சொல்லிவிடவா?

ஆச்சி: பூசாரி வீட்டையும் கேள்.

மதுரை அத்தை: நீல மூடிதானே?