பொருள்: டஃப் பாறைக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

வணக்கம். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு பற்றிய ஒரு பாடத்தைக் கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அடுக்கு, படிவு, புதைபடிவம் வரை ஓடிய வண்டி டஃப் என்ற சொல்லில் நின்றுவிட்டது. எரிமலை கக்கிய சாம்பல் படிந்து இறுகிய பாறை அது. ஒதுக்கவும் முடியாது, பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது: அவ்வளவு பழைய எலும்பின் வயதை நேரே அளக்க வழியில்லை, மேலும் கீழும் உள்ள சாம்பல் அடுக்கில் பொட்டாசியம் எவ்வளவு ஆர்கானாக மாறியிருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். 1959இல் தான்சானியாவின் ஓல்டுவாயில் தொல்மானுடவியலாளர் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டுக்கு 17.5 லட்சம் ஆண்டு என்று 1961இல் சொன்னது இப்படித்தான். பக்கத்துக்கு ஏழெட்டு இடத்தில் வருகிறது, "எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை" என்று ஒவ்வொரு தடவையும் எழுத முடியாது.

---

நீற்றுக்கல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீறு என்றால் சாம்பல், நீறுபூத்த நெருப்பு என்று பாட்டியும் சொல்வாள் பேரனும் சொல்வான். தயவுசெய்து "நீறுகல்" என்று எழுதிவிடாதீர்கள். நெடில் தொடர்க் குற்றியலுகரம், சேறு சேற்றுநிலம் ஆவதுபோல றகரம் இரட்டிக்கும்.

---

ஐயா, இலக்கணம் சரி, பொருள் இடிக்கிறதே. நீற்றறை என்றால் சுண்ணாம்புக் காளவாய். அப்பரை ஏழு நாள் அடைத்து வைத்ததாகச் சொல்வது அதில்தானே? சுண்ணாம்பை நீற்றுவது என்று இன்றும் சொல்கிறோம். நிலவியலில் டூஃபா என்று வேறொன்று இருக்கிறது, ஊற்றுநீரிலிருந்து படியும் சுண்ணாம்புக் கல். டஃப், டூஃபா இரண்டையும் ஆங்கிலத்தில் படிப்பவர்களே குழப்பிக்கொள்கிறார்கள், அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? சாம்பற்கல் என்று வைத்துவிட்டுப் போங்கள்.

---

சாம்பற்கல் என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் சாம்பல் நிறக் கல் என்பார்கள். டஃப் மஞ்சளாக இருக்கும், சிவப்பாக இருக்கும், பச்சையாகக்கூட இருக்கும். கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையில் கேபிஎஸ் டஃப் என்ற சாம்பல் அடுக்குக்கு வயது 26 லட்சம் ஆண்டா 19 லட்சம் ஆண்டா என்று ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டார்களே, அந்தப் பெயரோடுதான் அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. டஃப் என்றே எழுதுங்கள், தேடிப் படிக்கவாவது உதவும்.

---

"டஃப்" என்று எழுதினால் "ரொம்ப டஃப்பான பாறை" என்றுதான் படிப்பான். பாதி டஃப் சுலபமாக உதிரும். (அப்புறம் அந்த கேபிஎஸ் சண்டையைத் தீர்த்ததில் பன்றிகளுக்கும் பங்குண்டு. அதே காலத்துப் பன்றிப் புதைபடிவங்களைப் பக்கத்து எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கின் பன்றிகளோடு ஒப்பிட்டபோது 26 லட்சம் ஒத்துவரவில்லை, கடைசியில் 19 லட்சத்தை ஒட்டித்தான் நின்றது. பன்றிக்கு இருந்த தெளிவு நமக்கு இல்லை.)

---

நீற்றறையைக் காட்டி என்னை மடக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். தான்சானியாவின் லேட்டோலியில் 36 லட்சம் ஆண்டுக்கு முந்தைய காலடித் தடங்கள் பதிந்திருப்பது டஃபில்தான். அந்தச் சாம்பலில் கார்பனேட் மிகுதி, மழைத் தூறல் பட்டதும் சிமெண்ட் போல இறுகிவிட்டது. சாம்பலும் அதுவே, சுண்ணாம்புக் குணமும் அதுவே. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது!

---

லேட்டோலிக்குப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஓல்டுவாய்க்கும் துர்க்கானாவுக்கும் என்ன செய்வீர்கள்? அங்கே சாம்பல் வெறும் சாம்பல்.

---

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்: சாம்பற்கல்லுக்கு நான்கு பேர், டஃபுக்கு இரண்டு, நீற்றுக்கல்லுக்கு ஐயா ஒருவர். முதல் இடத்தில் "டஃப் எனப்படும் சாம்பற்கல், நிறத்தால் வந்த பெயர் அன்று" என்று போட்டுவிட்டு மற்ற இடங்களில் சாம்பற்கல் என்று அனுப்புகிறேன்.

---

அந்த லேட்டோலிப் பத்தியில் மட்டுமாவது நீற்றுக்கல் போட்டிருக்கலாம்.