மிளகுக்கு ஓட்டம் போதும், ஓய்வுதான் வேண்டும்

சிங்கப்பூர், யீஷூன் புளோக் தமிழ்க் குடும்பங்கள் குழு
சனிக்கிழமை

காதர் மாமா (9ஆம் மாடி), இரவு 7.50
கவிதா, நேரில் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் உங்கள் நாய் மிளகு உங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மின்தூக்கிக் கதவு திறந்ததும் அது என் மீது பாய்ந்து, இரண்டு முன்கால்களையும் வயிற்றில் ஊன்றி நின்றது. நாயின் மீது எனக்கு வெறுப்பில்லை. ஆனால் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் எச்சில் பட்டுவிட்டால், திரும்பவும் மேலே போய்க் கழுவி உடை மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்குள் பள்ளிவாசலில் ஜமாஅத் கூட்டுத்தொழுகை முடிந்துவிடுகிறது.

கவிதா (9ஆம் மாடி), இரவு 7.58
மிகவும் வருத்தமாக இருக்கிறது, மாமா. குழுவில் உள்ள மற்றவர்களிடமும் கேட்டுவிடுகிறேன். மிளகுக்கு எட்டு மாதம் ஆகிறது. காலையில் என் கணவர் அதனுடன் ஓடுகிறார். மாலையில் பையன் திடலில் பந்து எறிகிறான். சனிக்கிழமைகளில் பீஷான் அங் மோ கியோ பூங்காவின் நாய் ஓடுதளத்துக்கும் அழைத்துப் போகிறோம். இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுக்கு வந்ததும் சோபாவில் ஏறிக் குதித்து, மேசைக்கடியில் புகுந்து, பையனின் காற்சட்டையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது.

சரவணன் (4ஆம் மாடி), இரவு 8.03
அப்படியென்றால் அதற்கு ஓட்டம் இன்னும் போதவில்லை என்றுதான் பொருள். நம் ஊர்க் கலப்பினம் அல்லவா, உடம்பில் அவ்வளவு வலு. நான் சைக்கிளில் போகும்போது கூட்டிப்போகிறேன். ஒரு வாரத்தில் அடங்கிவிடும்.

ராசம்மா (2ஆம் மாடி), இரவு 8.09
செம்பவாங் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது பழைய கிராமத்தில், நாங்கள் இருந்தபோது வீட்டுக்கு வீடு நாய் இருந்தது. யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. பாய்ந்தால் செருப்பைத் தூக்கிக் காட்டுவோம், போய்ப் படுத்துக்கொள்ளும். இப்போது பிள்ளைகளையும் நாய்களையும் கெஞ்சிக் கெஞ்சி வளர்க்கிறார்கள்.

மாலதி அக்கா (5ஆம் மாடி), இரவு 8.31
சமையலில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். மீட்கப்பட்ட நாய்களை வேறு குடும்பத்துக்குப் போகும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் சொல்கிறேன். சரவணன் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது: மிளகுக்கு ஓட்டம் போதாமல் இல்லை, கூடிவிட்டது. அதற்குக் கிடைக்காதது ஓய்வு.

வளர்ந்த நாய்களே ஒரு நாளில் பாதிக்கு மேல் படுத்தும் உறங்கியும் கழிப்பவை. சின்னக் குட்டிகள் 18 மணி நேரம்வரைகூடத் தூங்கும். எட்டு மாதம் என்பது இரண்டுக்கும் இடைப்பட்ட பருவம். உடம்பு வளர்ந்துவிட்டது, தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் திறன் வளரவில்லை. தூக்கம் போதாத கைக்குழந்தை கண்ணை மூடாமல் கத்துவதைப் போலத்தான் மிளகு இரவு எட்டு மணிக்குக் காற்சட்டையைக் கடிக்கிறது. அந்த நேரத்தில் மறுபடியும் கீழே கூட்டிப்போய் ஓடவிட்டால், களைப்பின் மேல் கிளர்ச்சியை ஏற்றுகிறோம். ஓட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தினமும் ஓட ஓட அதன் மூச்சும் தசையும் வலுக்கின்றன. போன மாதம் ஒரு கிலோமீட்டரில் களைத்த நாய், அடுத்த மாதம் மூன்று கிலோமீட்டர் கேட்கும். யார் ஓடுவது?

சைக்கிள் வேண்டவே வேண்டாம். எலும்பு வளர்ந்து முடியாத நாயைச் சிமெண்டுத் தரையில் சைக்கிளின் வேகத்துக்கு இழுத்தால் மூட்டு கெடும்.

சரவணன், இரவு 8.36
கோபமில்லை, அக்கா. ஆனால் பந்து எறிவதில் என்ன தவறு? அதுதானே அதற்கு உயிர்.

மாலதி அக்கா, இரவு 8.44
உயிராக இருப்பதுதான் சிக்கல். பந்து பறப்பது, துரத்துவது, கவ்வுவது, மறுபடியும் பறப்பது என்று இடைவெளி இல்லாமல் நடந்தால் நாயின் உடம்பு வேட்டைக்குரிய விறைப்பிலேயே இருக்கும். ஆட்டம் நின்ற பிறகும் அந்த விறைப்பு உடனே இறங்காது. பையனை மூன்று நான்கு முறை மட்டும் எறியச் சொல்லுங்கள், பிறகு பந்தைப் பையில் போட்டுவிட்டு அதே புல்வெளியில் மிளகை மோப்பம் பிடிக்க விடுங்கள். முகர்வது நாயின் மூளைக்கு வேலை, மனத்துக்குத் தணிவு. நாம் நடைப்பயிற்சி என்று நினைத்து வேகமாக நடக்கிறோம். அதுவோ ஒரு மழைமரத்தின் அடியில் ஐந்து நிமிடம் நின்று, யார் யார் வந்துபோனார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறது. நிற்கட்டும். கயிறு தளர்ந்தே இருக்கட்டும், அவிழ்க்க மட்டும் வேண்டாம். பொது இடத்தில் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

வெயில் நேரத்தில் போக வேண்டாம். புறங்கையைத் தரையில் சில விநாடி வைத்துப் பாருங்கள், நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

கவிதா, இரவு 8.52
ஆனால் அக்கா, ஓடவிடாமல் வீட்டில் வைத்திருந்தால் அது எப்படித் தானாக ஓய்வெடுக்கும்? நாங்கள் உட்கார்ந்தால் அதுவும் வந்து கையைக் கடிக்கிறது. எழுந்தால் பின்னாலேயே வருகிறது.

மாலதி அக்கா, இரவு 9.10
தானாக எடுக்காது, கற்றுக்கொடுக்க வேண்டும். ‘உட்கார்’ என்பதைக் கற்றுக்கொடுக்கிறோமே, அதுபோலச் சும்மா இருப்பதையும் கற்றுக்கொடுக்கலாம். முறை எளிது, பொறுமைதான் அரிது.

ஒரு பழைய பாயையோ கம்பளத் துண்டையோ நீ உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் போடு. கயிற்றை மாட்டி, மறுமுனையைக் காலடியில் மிதித்துக்கொள். மிளகு நிற்கவும் படுக்கவும் போதிய நீளம் இருக்க வேண்டும், பாய்ந்து ஓடும் அளவுக்கு வேண்டாம். ஒன்றும் சொல்லாதே. முதலில் துள்ளும், கயிற்றைக் கடிக்கும், உன் முகத்தைப் பார்த்துக் குரைக்கும். நீ செய்தித்தாள் படி. ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் அதுவே படுக்கும். படுத்த கணத்தில் அதன் இரு முன்பாதங்களுக்கு நடுவே தரையில் ஓர் உலர் உணவுத் துண்டை மெதுவாக வை. ‘சபாஷ்’ என்று கூவாதே, தலையைத் தடவாதே. கூவினால் எழுந்துவிடும், பிறகு படுத்ததற்கான கூலி எழுந்ததற்குப் போய்ச் சேரும்.

படுப்பதிலும் வேறுபாடு உண்டு, கவனித்துப் பார். நான்கு கால்களையும் உடம்புக்கடியில் மடக்கி, தலையை நிமிர்த்திப் படுத்திருந்தால் அடுத்த நொடி எழத் தயாராக இருக்கிறது என்று பொருள். அப்படியே விட்டுவிட்டால், சற்று நேரத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும், பின்னங்கால்கள் இரண்டும் ஒரே பக்கத்துக்கு வரும், பிறகு தாடை தரையைத் தொடும், பெருமூச்சு ஒன்று வரும். இடுப்பு சாய்ந்ததும் ஒரு துண்டு, தாடை தொட்டதும் ஒரு துண்டு. இந்த உணவை எல்லாம் அன்றைய அளவிலிருந்தே எடு, கூடுதலாகக் கொடுத்தால் உடம்பு பெருக்கும். நாளுக்குச் சில முறை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் இருந்தால் போதும். பிறகு அந்தப் பாயை எங்கே விரித்தாலும் அங்கே படுப்பது பழகிவிடும்.

ராசம்மா, இரவு 9.14
செருப்பு இதைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

மாலதி அக்கா, இரவு 9.20
வேலை செய்வதுபோல் தெரியும், ராசம்மா அக்கா. பயந்துபோய் ஒடுங்கிப் படுப்பதும் அமைதியாகப் படுப்பதும் தூரத்திலிருந்து ஒன்றாகத்தான் தெரியும். பயந்த நாய் ஒருநாள் செருப்பைத் தூக்காத குழந்தையிடம் அந்தப் பயத்தைக் காட்டும். கம்பத்து நாய்களுக்கு முற்றம் இருந்தது. பிடிக்காவிட்டால் எழுந்து மரத்தடிக்குப் போய்விடும், யாரும் எழுப்பமாட்டார்கள். நான்கு அறை வீட்டில் மிளகுக்கு ஒதுங்க இடமில்லை. அதனால் நாம்தான் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்: ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில் படுக்கை, மதியத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு மின்விசிறிச் சத்தத்தோடு இரண்டு மூன்று மணி நேரம், அப்போது பையன் உட்பட யாரும் அதைத் தொடக் கூடாது. இடி மின்னல் உள்ள பிற்பகல்களிலும் இதே மூலை உதவும்.

காதர் மாமா, இரவு 9.24
எல்லாம் சரி, மாலதி. மின்தூக்கிக்கு என்ன வழி?

மாலதி அக்கா, இரவு 9.37
மாமா, இதில் கவிதாவுக்கும் வேலை இருக்கிறது, உங்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

கவிதா, கதவுக்கு நேரே நிற்காதே. மிளகைச் சுவருக்கும் உன் காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஓரமாக நில். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸில் மாட்டு. கதவு திறக்கும் ஓசை கேட்டதும், ஆள் தெரிவதற்கு முன்பே, அதன் மூக்குக்கு நேரே தரையில் நான்கைந்து உணவுத் துண்டுகளைத் தூவு. தலை தரையை நோக்கி இருக்கும்போது கால் மேலே போகாது. உள்ளே யாராவது இருந்தால் ‘நீங்கள் போங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த மின்தூக்கிக்குக் காத்திரு. எல்லாருக்கும் நாய் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வீட்டுக்கு ஒரு நாய் என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அனுமதித்திருப்பதும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லாதவரைதான்.

மாமா, நீங்கள் அதன் கண்ணைப் பார்க்காமல், கையை உயர்த்தாமல், பக்கவாட்டில் திரும்பி நின்றால் போதும். கை மேலே போனால் அது விளையாட்டுக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். ‘ஷூ, ஷூ’ என்பதும் அதற்கு உற்சாகமான பேச்சுதான்.

காதர் மாமா, இரவு 9.41
இத்தனை நாளும் நான் கையை உயர்த்தி ‘ஷூ’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, நாளையிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன். கவிதா, மஃரிப் தொழுகைக்கு ஆறே முக்காலுக்கு இறங்குவேன், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவிதா, இரவு 9.44
கட்டாயம், மாமா. ஏழேகாலுக்குப் பிறகு இறங்குகிறோம், தரையும் ஆறியிருக்கும். அக்கா, வீட்டுக்கு வருபவர்கள் மீது பாய்வதற்கும் இதே முறைதானா? திட்டினால் இன்னும் கூடுகிறது.

மாலதி அக்கா, இரவு 9.52
திட்டுவதும் அதற்குக் கவனிப்புதான். பாய்ந்தால் முதுகைக் காட்டித் திரும்பிவிடு. நான்கு கால்களும் தரையில் பட்ட உடனே குனிந்து, தாழ்ந்த குரலில் பேசி, மார்பைத் தடவு. வீட்டில் எல்லாரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் கொஞ்சி இன்னொருவர் திரும்பினால் சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்க நினைப்பவர்போல் அது விடாமல் முயலும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தொடங்கிய சில நாட்களுக்குப் பாய்ச்சல் கூடும். முன்பு பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் வேகமாக முயன்று பார்க்கும். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள்.

பையனிடமும் சொல். அது காற்சட்டையைக் கவ்வினால் கத்திக்கொண்டு ஓடக் கூடாது, கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அவன் ஓடுவதுதான் அதற்கு ஆட்டம். எட்டு மணி ஆட்டத்துக்கு முன்பே, ஏழரை மணிக்கு, பழைய கைலி ஒன்றில் அதன் இரவு உணவில் பாதியைத் தூவிச் சுருட்டிக் கொடு. அதைப் பிரித்து, நக்கி, முகர்ந்து தின்பதற்குள் களைத்துவிடும். மெல்வதும் நக்குவதும் நாயைத் தணிக்கும். பெரிய கேரட் ஒன்று கொடுக்கலாம், இனிப்புச் சேர்க்காத தயிரைத் தட்டில் தடவி உறையவைத்துக் கொடுக்கலாம். சமைத்த எலும்பு கூடாது, சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

ராசம்மா அக்கா, நீங்கள் தாழ்வாரத்தில் அதற்குப் பாயசம் கொடுத்ததை நான் பார்த்தேன். அதில் விழும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. சாம்பார் வெங்காயமும் ஆகாது.

ராசம்மா, இரவு 9.55
ஒரே ஒரு கரண்டிதான் கொடுத்தேன். இனிமேல் இல்லை. அது வாலை ஆட்டினால் மனம் கேட்கமாட்டேன் என்கிறது.

சரவணன், இரவு 9.57
கருத்தடை செய்தால் நாய் தானாக அடங்கிவிடும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

கவிதா, இரவு 9.59
கலப்பின நாய்களை வீவக வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கும் அடோர் திட்டத்தின் வழியாகத் தத்தெடுத்தோம், கருத்தடை ஏற்கெனவே ஆகிவிட்டது. நாய் உரிமக் கட்டணம் 90 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பதில் 15 வெள்ளியானதுதான் கண்ட பலன்.

மாலதி அக்கா, இரவு 10.05
ஊர்சுற்றும் ஆசையும் ஏறும் பழக்கமும் குறையலாம். பாய்வதும் கடிப்பதும் பழக்கத்தால் வந்தவை, கத்தி அவற்றைத் தொடாது. கவிதா, இன்னொன்று கேட்க வேண்டும்: இரவில் படுத்த பிறகு அது பாதத்தை நக்குகிறதா, காதைச் சொறிகிறதா?

கவிதா, இரவு 10.08
ஆமாம், அக்கா. முன்பாதங்களை விடாமல் நக்குகிறது. விளையாட்டு என்று நினைத்தோம்.

மாலதி அக்கா, இரவு 10.14
அப்படியானால் பாய் விரிப்பதோடு கால்நடை மருத்துவரையும் பார்க்க வேண்டும். இந்த ஈரக் காற்றில் தோல் ஒவ்வாமையும் பூஞ்சையும் எளிதில் வரும், அரிப்புள்ள நாய் எத்தனை கற்றுக்கொடுத்தாலும் நிம்மதியாகப் படுக்காது. இப்போதே விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, சிவந்திருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள். நக்கும்போது ஒரு காணொளியும் எடு. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பயத்தில் நக்குவதை நிறுத்திவிடும், மருத்துவர் எதைப் பார்ப்பார்?

கவிதா, இரவு 10.21
பார்த்துவிட்டேன். இடது பாதத்தில் இரண்டு விரல்களுக்கு நடுவே சிவந்து ஈரமாக இருக்கிறது. திங்கட்கிழமை மாலைக்கு மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.

மாலதி அக்கா, இரவு 10.23
நல்லது. அதுவரை வெளியே போய் வந்ததும் பாதங்களைக் கழுவி, இடுக்குகளில் ஈரம் இல்லாமல் துடைத்துவிடு. மனிதர்களுக்கான களிம்பு எதையும் தடவாதே, நக்கி விழுங்கிவிடும்.